இணையவழி வருமானம்: பிள்ளைகளின் முயற்சியும் பெற்றோரின் ஐயமும்

வடசிலாங்கூரின் கடலோரத்தில் உள்ள பாகான் நக்கோடா ஓமார் வட்டாரம் முதல் கோலசிலாங்கூரின் உட்புறத் தோட்டங்கள் வரை, இன்று பல குடும்பங்களில் ஒரே வகையான வாதம் நடைபெற்று வருகிறது. பள்ளிப்படிப்பை முடித்த மகனோ மகளோ கைப்பேசியின் வாயிலாகப் பொருள் விற்கவும், காணொளி தயாரிக்கவும், தொலைவில் உள்ள நிறுவனங்களுக்கு வீட்டிலிருந்தே வேலை செய்து கொடுக்கவும் விரும்புகின்றனர். "சம்பளச் சீட்டு இல்லாத வேலை ஒரு வேலையா?" என்று பெற்றோர் கேட்கின்றனர். "காலம் மாறியதை நீங்கள் அறியவில்லை" என்று பிள்ளைகள் விடை கூறுகின்றனர். பேச்சு அத்துடன் நின்றுபோகிறது. மனக்கசப்பு மட்டும் எஞ்சுகிறது.

இந்த வாதத்தில் இரு தரப்பிலும் உண்மை உண்டு. இணையத்தின் வாயிலாக நேர்மையாகப் பொருள் ஈட்டுவோர் நம்மிடையே இருக்கின்றனர். இணையத்தை நம்பிச் சேமிப்பை இழந்தோரும் நம்மிடையே இருக்கின்றனர். ஆகவே, 'செய்யலாமா, கூடாதா?' என்று வினவுவதைக் காட்டிலும், 'எத்தகைய வேலை, எவ்வளவு காலம், எந்தக் கணக்கின்படி?' என்று வினவுவதே பயனுடையது. பெற்றோரின் ஐயத்தைத் தீர்க்கும் ஆற்றல் வாய்ச்சொல்லுக்கு இல்லை. எழுதி வைத்த கணக்கிற்கே உண்டு. இதனை விளக்குவதே இப்பாடத்தின் நோக்கமாகும்.

பெற்றோரின் ஐயத்திற்குக் காரணம் உண்டு

தோட்டத்தில் வேலை செய்யும் ஒருவர் பெறுவது மாதச் சம்பளம் மட்டும் அன்று. பல தோட்டங்களில் குடியிருக்கும் வீடு வேலையோடு பிணைந்திருக்கிறது. வேலை உள்ளவரை வீடு உண்டு. குடும்பத்தில் ஒருவரேனும் தோட்டத்தில் பெயர் பதிந்திருந்தால்தான் அந்தக் கூரை நிலைக்கும். இதனுடன் ஊழியர் சேமநிதி வாரியத்தில் முதலாளியின் பங்கும், சொக்சோ பாதுகாப்பும் சேர்கின்றன. மாதம் 5,000 ரிங்கிட்டும் அதற்குக் குறைவாகவும் சம்பளம் பெறுவோருக்குத் தொழிலாளர் 11 விழுக்காடும் முதலாளி 13 விழுக்காடும் சேமநிதிக்குச் செலுத்துகின்றனர். 2025ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் நாள் நடப்புக்கு வந்த ஆணையின்படி குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 ரிங்கிட் ஆகும். மகன் பெரட்டுக்குப் போகமாட்டேன் என்று கூறும்போது, தாய் தந்தையர் கண்முன் தோன்றுவது இவை அனைத்தும் ஒருங்கே கைநழுவும் காட்சியாகும். அவர்களுடைய அச்சத்தை அறியாமை என்று ஒதுக்கிவிடுதல் முறையாகாது.

மற்றொரு காரணமும் உண்டு. விரைவில் பணம் பெருகும் எனக் கூறிய திட்டங்கள் பல நம் நாட்டில் தோன்றி மறைந்துள்ளன. 2017ஆம் ஆண்டில் ஜேஜேபிடிஆர் எனும் அந்நியச் செலாவணித் திட்டம் சரிந்தபோது, மாதம் 20 விழுக்காடு வருமானம் என்ற வாக்குறுதியை நம்பியவர்கள் பெரும் இழப்புக்கு ஆளாயினர். இத்தகைய வாக்குறுதியை ஒரு சிறு கணக்கால் சோதித்து விடலாம். 1,000 ரிங்கிட் மாதந்தோறும் 20 விழுக்காடு பெருகி, பெருகிய தொகையும் முதலோடு சேருமாயின், 12 மாத முடிவில் அது 8,900 ரிங்கிட்டையும் தாண்டிவிடும். நாட்டின் மிகப்பெரிய சேமிப்பு நிதியாகிய ஊழியர் சேமநிதி வாரியம் 2024ஆம் ஆண்டுக்கு அறிவித்த இலாப ஈவோ 6.30 விழுக்காடு, அதுவும் ஓராண்டு முழுமைக்கும் சேர்த்து. வல்லுநர் பலர் கூடி நடத்தும் நிதிக்கு ஓராண்டில் கிடைப்பதைப் போல் மும்மடங்கை, யாரென்று தெரியாத ஒருவர் ஒரே மாதத்தில் தருவதாகச் சொன்னால், அச்சொல்லின் மதிப்பை நாமே உணர்ந்துகொள்ளலாம்.

எனவே பிள்ளைகள் முதலில் செய்ய வேண்டியது, தாம் செய்ய விரும்புவது இத்தகைய திட்டம் அன்று எனத் தெளிவாகக் காட்டுவதாகும். உழைப்பையோ பொருளையோ விற்றுப் பெறுவது வருமானம். பணத்தைப் பிறர் கையில் கொடுத்துவிட்டுப் பெருகும் எனக் காத்திருப்பது வேறு. பெற்றோர் பலர் இவ்விரண்டையும் 'கைப்பேசி வேலை' என்ற ஒரே பெயரால் அழைப்பதனாலேயே குழப்பம் மிகுகிறது.

ரப்பர் மரமும் ஒருகாலத்தில் ஐயத்திற்கு உள்ளானதே

புதிய தொழிலைக் கண்டு ஐயுறுவது நம் காலத்தில் தோன்றியதன்று. நாம் நாள்தோறும் சீவும் ரப்பர் மரமே இதற்குச் சான்று கூறும். 1888ஆம் ஆண்டில் சிங்கப்பூர் தாவரவியல் பூங்காவின் தலைமைப் பொறுப்பை ஏற்ற ஹென்றி ரிட்லி, ரப்பர் பயிரிடுமாறு தோட்ட முதலாளிகளை இடைவிடாது தூண்டி வந்தார். அக்காலத்தில் காப்பிப் பயிரே செல்வம் தந்துகொண்டிருந்தது. ஆதலால் அவரைப் 'பித்தர் ரிட்லி' என்றே பலர் கேலி பேசினர்.

ரிட்லி அவர்களோடு வாதிட்டுக்கொண்டிருக்கவில்லை. மரத்தைக் கொல்லாமல், பட்டையை மெல்லியதாகச் சீவி, மீன்முள் வடிவில் கோடிட்டுப் பால் எடுக்கும் முறையைச் சோதித்துக் காட்டினார். அதே மரத்திலிருந்து மீண்டும் மீண்டும் பால் பெறலாம் என்பதை அளந்து மெய்ப்பித்தார். 1896ஆம் ஆண்டில் மலாக்காவைச் சேர்ந்த டான் சாய் யான் என்பவர் துணிந்து ரப்பர் பயிரிட்டார். பின்னர்க் காப்பியின் விலை வீழ்ந்தபோது, முன்பு கேலி செய்தோரே ரப்பர்க் கன்றுகளைத் தேடி அலைந்தனர்.

நம் கோலசிலாங்கூர் மாவட்டத்திலும் இதனையொத்த நிகழ்ச்சி உண்டு. இன்று பெஸ்தாரி ஜெயா என வழங்கும் பத்தாங் பெர்ஜுந்தைக்கு அருகில் உள்ள தென்னமரம் தோட்டத்தில், 1917ஆம் ஆண்டில் ஹென்றி பொக்கொனியே எனும் பிரெஞ்சுக்காரர், பலன் தராத காப்பிச் செடிகளுக்குப் பதிலாகச் செம்பனையை நட்டார். நாட்டின் முதல் வாணிகச் செம்பனைத் தோட்டம் என்று அது வரலாற்றில் இடம்பெற்றுள்ளது. பிற்காலத்தில் எத்தனையோ ரப்பர்க் காடுகள் செம்பனையாக மாறியதை நம் பெற்றோரும் பாட்டன்மாரும் நேரில் கண்டவர்களே.

தொழில்கள் மாறும் என்பதும், சோதித்துப் பார்த்த பின்னரே மாற வேண்டும் என்பதும் இவ்வரலாறு கற்பிக்கும் இரு பாடங்களாகும். முன்னதைப் பெற்றோரும் பின்னதைப் பிள்ளைகளும் மனத்தில் கொள்ளுதல் வேண்டும்.

வருமானம் எங்கிருந்து வருகிறது?

இணையத்தில் நேர்மையாக ஈட்டும் வருமானத்தைப் பெரும்பாலும் மூன்று வகையாகப் பிரிக்கலாம்.

முதல் வகை, திறனை விற்பது. பிள்ளைகளுக்குப் பாடம் கற்பித்தல், மொழிபெயர்த்தல், காணொளிகளைத் தொகுத்தல், விளம்பரப் படம் வரைதல், கடைகளின் கணக்கைப் பதிதல் ஆகியவை இதில் அடங்கும். இதற்கு முதலீடு குறைவு, பயிற்சியே முதல். தமிழும் மலாயும் ஓரளவு ஆங்கிலமும் அறிந்திருப்பது தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இயல்பாக அமைந்த செல்வமாகும். இத்தகைய வேலைக்கு மக்களைப் பழக்குவதற்காகவே 2015ஆம் ஆண்டில் எம்டெக் எனும் அரசாங்க நிறுவனம் 'இ-ரெசக்கி' திட்டத்தைத் தொடங்கியது.

இரண்டாம் வகை, பொருளை விற்பது. முறுக்கு, மசாலைத்தூள், தைத்த உடை, கைவினைப் பொருள் போன்றவற்றை ஷாப்பி, லசாடா, டிக்டாக் கடை போன்ற இணையச் சந்தைகளில் விற்கலாம். இதற்கு முதல் வேண்டும். பொட்டலம் கட்டவும் அஞ்சலில் சேர்க்கவும் பொறுமையும் வேண்டும்.

மூன்றாம் வகை, பார்வையாளரைச் சேர்ப்பது. இளைஞர்களை மிகவும் கவர்வதும், பலன் தர நெடுங்காலம் எடுப்பதும் இதுவே. யூடியூபில் விளம்பர வருமானத்தில் பங்கு பெற 1,000 சந்தாதாரர்களும், 12 மாதங்களுக்குள் 4,000 மணி நேரப் பார்வையும் வேண்டும். குறுங்காணொளி எனில் 90 நாள்களில் ஒரு கோடிப் பார்வைகள் வேண்டும். 4,000 மணி நேரம் என்பது 240,000 நிமிடம். பார்ப்பவர் ஒவ்வொருவரும் 4 நிமிடம் பார்த்தால், 60,000 முறை பார்க்கப்பட வேண்டும். இந்த வாசலைத் தாண்டிய பின்னரே முதல் காசு வரத் தொடங்கும். நட்ட ரப்பர்க் கன்று உளி படுவதற்கு ஏறக்குறைய ஆறு ஆண்டுகள் காத்திருக்கிறதல்லவா? இளமரத்தில் அவசரப்பட்டு உளி வைப்பவர் மரத்தையே இழப்பார்.

இந்த மூன்றாம் வகையில் வெற்றி கண்டோரும் நம்மைப் போன்ற எளிய குடும்பத்தினரே. தமிழ்நாட்டின் புதுக்கோட்டை மாவட்டத்தில் சின்ன வீரமங்கலம் எனும் சிற்றூரைச் சேர்ந்த உழவர் குடும்பத்து இளைஞர்கள் 2018ஆம் ஆண்டில் 'வில்லேஜ் குக்கிங் சேனல்' எனும் சமையல் ஒளியலையைத் தொடங்கினர். சமையலில் தேர்ந்த தம் பாட்டனார் பெரியதம்பி அவர்களையே முன்னிறுத்தி, வயல்வெளியில் அடுப்பு மூட்டிச் சமைத்துக் காட்டினர். 2021ஆம் ஆண்டு ஜூலையில் அவர்களுடைய சந்தாதாரர் எண்ணிக்கை ஒரு கோடியை எட்டியது. நம் நாட்டில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் தோட்டப்புறத்தில் வாழ்ந்த சுகு, பவித்ரா தம்பதியர் 2020ஆம் ஆண்டில், மலாய் மொழியில் எளிய சமையலைக் கைப்பேசியில் படம் பிடித்து வெளியிட்டனர். நடமாட்டக் கட்டுப்பாட்டுக் காலத்தில் சில மாதங்களுக்குள் பல இலட்சம் பேர் அதனைப் பின்தொடர்ந்தனர்.

இவ்விரு முயற்சிகளிலும் மூத்தோரின் அறிவும் வீட்டின் அன்றாட வாழ்வுமே மூலப்பொருளாக அமைந்தன என்பதை நாம் கருத வேண்டும். பெற்றோரை ஒதுக்கிவிட்டுச் செய்ய வேண்டிய தொழில் அன்று இது. பாட்டியின் மசாலைப் பக்குவமும் தந்தையின் மலாய்ப் பேச்சும் கூடத் தொழிலுக்கு முதலாகலாம். ஆயினும் இத்தகைய பெருவெற்றி ஒரு சிலருக்கே வாய்க்கிறது என்பதையும் மறத்தலாகாது. எனவே முதல் வகையில் தொடங்கி, இரண்டாம் வகைக்குச் சென்று, மூன்றாம் வகையை ஓய்வு நேரத்தில் வளர்ப்பதே பெரும்பாலோர்க்கு ஏற்றதாகும்.

பாலின் எடையும் காய்ந்த ரப்பரின் எடையும்

வாளி நிறையப் பால் கொண்டுவந்தாலும், கொட்டகையில் அதன் அடர்த்தியை மெட்ரோலாக் கொண்டு அளந்து, காய்ந்த ரப்பர் எவ்வளவு என்றுதான் கணக்கிடுகின்றனர். பாலில் பெரும்பகுதி நீரே. காய்ந்த ரப்பர் நூற்றுக்கு ஏறக்குறைய 30 முதல் 40 பங்குதான். இணைய வாணிகமும் இதனைப் போன்றதே. திரையில் தோன்றும் விற்பனைத் தொகை பால். செலவு போக நிற்பதே காய்ந்த ரப்பர்.

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். ஒரு மகள் முறுக்குப் பொட்டலம் ஒன்றை 10 ரிங்கிட் விலையில் இணையச் சந்தையில் விற்கிறாள் என வைத்துக்கொள்வோம். முதல் மாதத்தில் 60 பொட்டலம் விற்றால் திரையில் 600 ரிங்கிட் தோன்றும். மகிழ்ச்சிதான். ஆனால் செலவை எழுதுவோம்:

மாவு, எண்ணெய், மசாலைப் பொருள் – 210 ரிங்கிட்
எரிவாயு – 30 ரிங்கிட்
உறை, முத்திரைத் தாள் – 45 ரிங்கிட்
இணையச் சந்தைக் கட்டணம் (8 விழுக்காடு எனக் கொள்வோம்) – 48 ரிங்கிட்
தாமே ஏற்ற அஞ்சல் செலவு – 36 ரிங்கிட்
கைப்பேசி இணையக் கட்டணம் – 35 ரிங்கிட்
நொறுங்கித் திரும்பிய 3 பொட்டலம் – 30 ரிங்கிட்
மொத்தச் செலவு – 434 ரிங்கிட்
நின்றது – 166 ரிங்கிட்

நூற்றுக்கு 28 பங்குகூட நிற்கவில்லை. அம்மாதத்தில் அவள் 40 மணி நேரம் உழைத்திருந்தால், மணிக்கு 4 ரிங்கிட் 15 காசுதான் கூலி. 1,700 ரிங்கிட் குறைந்தபட்சச் சம்பளத்தை 26 நாளுக்கும் நாளொன்றுக்கு 8 மணி நேரத்திற்கும் வகுத்தால் மணிக்கு 8 ரிங்கிட் 17 காசு வரும். அவள் பெற்றது அதில் பாதியளவே.

இக்கணக்கைக் கண்டு மனம் தளர வேண்டியதில்லை. எங்கே ஒழுகுகிறது என்பதைக் காட்டுவதே கணக்கின் பயன். மூன்று பொட்டலங்களை ஒன்றாகக் கட்டி விற்றால் அஞ்சல் செலவு குறையும். கெட்டியான பெட்டியில் வைத்தால் நொறுங்குவது குறையும். எண்ணெயை மொத்தமாக வாங்கினால் விலை குறையும். நான்காம் மாதத்தில் 90 பொட்டலம் விற்று 900 ரிங்கிட் வந்து, செலவு முறையே 290, 40, 55, 72, 40, 35, 10 என 542 ரிங்கிட்டில் அடங்கினால், நிற்பது 358 ரிங்கிட். 42 மணி நேர உழைப்புக்கு மணிக்கு 8 ரிங்கிட் 50 காசுக்கு மேல் விழுகிறது. இப்போது அந்த மகள் தந்தையிடம், "அப்பா, பாருங்கள்" என்று கணக்கேட்டை நீட்டலாம். நான்கு மாத வாதத்தைவிட அந்த ஓர் ஏடு மிகுதியாகப் பேசும்.

உணவுப் பொருள் செய்து விற்போர் மற்றொன்றையும் அறிதல் வேண்டும். 2009ஆம் ஆண்டு உணவுத் தூய்மை விதிகளின்படி உணவைக் கையாள்வோர் அதற்குரிய பயிற்சி பெறவும், குடற்காய்ச்சல் தடுப்பூசி போட்டுக்கொள்ளவும் வேண்டும். வாங்குவோரின் நம்பிக்கைக்கு இதுவே முதற்படி.

மோசடியை அடையாளம் காணுதல்

வேலை தேடும் இளைஞர்களையே மோசடிக்காரர்கள் பெரிதும் குறிவைக்கின்றனர். பின்வரும் நான்கு குறிகளுள் ஒன்று தென்பட்டாலும் விலகிக்கொள்ள வேண்டும்.

1. வேலை தருவதாகக் கூறி முன்பணம் கேட்பது. கூலி கொடுப்பவர் கூலிக்காரரிடம் பணம் கேட்பதில்லை. காணொளிகளுக்கு விருப்பக்குறி இட்டால் பணம் என்று தொடங்கி, முதலில் 10, 20 ரிங்கிட் உண்மையாகவே கொடுத்து நம்ப வைத்து, பின்னர் 'அடுத்த படிக்கு' 500, 1,000 எனக் கேட்பது இன்று பரவலான முறை.

2. வங்கிக் கணக்கையோ பணப்பொறி அட்டையையோ வாடகைக்குக் கேட்பது. பிறருடைய திருட்டுப் பணம் நம் கணக்கின் வழியே சென்றால், குற்றக் கூண்டில் நிற்பவர் நாமே. 'எனக்குத் தெரியாது' எனும் சொல் அங்கே எளிதில் எடுபடாது.

3. அயல்நாட்டில் அதிகச் சம்பளம், தகுதி தேவையில்லை என்பது. 2022ஆம் ஆண்டில் கம்போடியா, மியன்மார் ஆகிய நாடுகளுக்கு இவ்வாறு அழைத்துச் செல்லப்பட்ட மலேசிய இளைஞர் பலர் அடைத்து வைக்கப்பட்டு, பிறரை ஏமாற்றும் வேலையில் கட்டாயமாக ஈடுபடுத்தப்பட்டனர். அவர்களை மீட்க அரசாங்கமும் குடும்பத்தினரும் பட்ட பாடு சிறிதன்று.

4. கைப்பேசிக்கு வரும் இரகசிய எண்ணைக் கேட்பது. அவ்வெண் வீட்டுச் சாவிக்கு ஒப்பானது. வங்கி அலுவலர் எனச் சொல்பவருக்கும் அதனைக் கூறுதல் கூடாது.

பணம் அனுப்புமுன் பெறுபவரின் கணக்கு எண்ணையும் தொலைபேசி எண்ணையும் காவல்துறையின் 'செமாக் மியூல்' இணையப் பக்கத்தில் சோதிக்கலாம். ஏமாந்துவிட்டதாக உணர்ந்தால், ஒரு நிமிடமும் தாழ்த்தாமல் 2022ஆம் ஆண்டு அக்டோபரில் தொடங்கப்பட்ட தேசிய மோசடி எதிர்ப்பு நிலையத்தை 997 எனும் எண்ணில் அழைக்க வேண்டும். வெட்கத்தினால் ஓரிரவு மறைத்து வைத்தால், பணம் பல கணக்குகள் தாண்டிச் சென்றுவிடும். இவ்விடத்தில் பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். "நான் அப்போதே சொன்னேனே" எனும் சொல்லை அன்று மட்டும் அடக்கிக்கொள்ளுங்கள். அச்சொல்லுக்கு அஞ்சியே பிள்ளைகள் பலர் வாய் திறப்பதில்லை.

பதிவும் பாதுகாப்பும்

1960ஆம் ஆண்டில், தோட்டங்கள் துண்டாடப்பட்டுத் தொழிலாளர்கள் வேலையும் வீடும் இழந்துகொண்டிருந்த வேளையில், துன் வீ.தி. சம்பந்தன் அவர்கள் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார்கள். மாதம் 10 வெள்ளி சேமித்துத் தோட்டமே வாங்கலாம் என்ற சொல் அன்று கனவாகவே ஒலித்திருக்கும். ஆயினும் பதிவு பெற்ற சங்கத்தில், முறையான கணக்கோடு சேர்ந்த அந்தச் சிறுதொகையே கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டத்தை வாங்கும் ஆற்றல் பெற்றது. சிறுதொகைக்கு வலிமை தருபவை பதிவும் கணக்கும் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று நமக்கு வேண்டியதில்லை.

இணைய வாணிகத்திற்கும் இது பொருந்தும். 1956ஆம் ஆண்டு வாணிகப் பதிவுச் சட்டத்தின்படி, தொழில் தொடங்கிய 30 நாள்களுக்குள் மலேசிய நிறுவன ஆணையத்தில் பதிந்துகொள்ள வேண்டும். வீட்டிலிருந்து இணையத்தில் விற்போருக்கும் இவ்விதி உண்டு. பதிவுச் சான்றிதழ் இருந்தால் வங்கியில் தொழிற்கணக்குத் திறக்கவும், சிறுதொழில் கடனுக்கு விண்ணப்பிக்கவும் வழி பிறக்கும். பெற்றோர் கையில் கொடுத்துக் காட்டவும் ஒரு தாள் கிடைக்கும்.

முதலாளி இல்லாதவருக்குப் பாதுகாப்பு இல்லை எனப் பெற்றோர் வருந்துவதற்கும் தீர்வு உண்டு. 2017ஆம் ஆண்டு சுயதொழில் சமூகப் பாதுகாப்புச் சட்டம் முதலில் வாடகை வாகன ஓட்டுநர்களுக்காக வந்தது; 2020ஆம் ஆண்டில் இணைய வாணிகம் உட்பட வேறு பல துறைகளுக்கும் விரிவாக்கப்பட்டது. சொக்சோவில் தாமே சந்தா செலுத்தி, தொழில் விபத்துக்குப் பாதுகாப்புப் பெறலாம். ஊழியர் சேமநிதி வாரியத்தின் 'ஐ-சாரான்' திட்டத்தில் சுயதொழில் செய்வோர் தாமே பணம் போட்டால், அரசாங்கமும் ஆண்டுக்கு 500 ரிங்கிட் வரை ஊக்கத்தொகை சேர்க்கிறது. வருமான வரிக்கு உட்படும் அளவு ஈட்டாவிட்டாலும் இரசீதுகளைப் பாதுகாத்து வைத்தல் நற்பழக்கம். வரிச் சட்டம் ஏழாண்டுக் காலம் ஆவணங்களை வைத்திருக்கக் கோருகிறது.

கணினியோ நிலையான இணைய இணைப்போ இல்லாத வீட்டினர், தகவல் தொடர்பு அமைச்சின் மேற்பார்வையில் நாடெங்கும் இயங்கும் 'நாடி' நிலையங்களை நாடலாம். முன்னர்ச் சமூக இணைய மையம் எனவும் வேறு பெயர்களாலும் வழங்கியவை இவையே. இணையப் பயன்பாட்டோடு தொழில் பயிற்சிகளும் அங்கு நடத்தப்படுகின்றன.

வீட்டில் செய்துகொள்ளும் உடன்பாடு

இறுதியாக, குடும்பத்தார் ஒருநாள் மாலை ஒன்றாக அமர்ந்து, கீழ்க்காணும் உடன்பாட்டை ஒரு தாளில் எழுதிக் கையொப்பமிடுவது நன்று.

பிள்ளைகள் ஏற்பவை: ஆறு மாதங்களைச் சோதனைக் காலமாகக் கொள்வோம். அக்காலத்தில் தற்போதுள்ள வேலையையோ படிப்பையோ விடமாட்டோம். விடியலில் மரம் சீவச் செல்வோருக்குப் பிற்பகல் ஓய்வாக இருக்கும். மழை நாள்களிலும் இலையுதிர் காலத்திலும் வேலை குறையும். அந்நேரங்களைப் பயன்படுத்துவோம். முதலீட்டுக்கு ஒரு வரம்பு வைப்போம். அம்மாவின் நகையை அடகு வைக்கவோ வட்டிக்குக் கடன் வாங்கவோ மாட்டோம். மாதக் கடைசியில் கணக்கேட்டை மேசைமேல் வைப்போம். மாத வேலையை விடுவதாயின், செலவு போக நிற்கும் தொகை தொடர்ந்து ஆறு மாதம் சம்பளத்தை எட்டிய பின்னர், வீட்டின் நிலையையும் எண்ணிப் பார்த்தே முடிவு செய்வோம்.

பெற்றோர் ஏற்பவை: குறித்த நேரத்தில் பிள்ளையை வேறு வேலைக்கு அழைக்கமாட்டோம். அம்முயற்சியை உறவினர் முன்னிலையில் எள்ளி நகையாடமாட்டோம். மாதம் ஒருமுறை கணக்கைக் கேட்போம். நாள்தோறும் கேட்டுத் துளைக்கமாட்டோம். முதலில் வரும் சிறு தொகையை வீட்டுச் செலவுக்கு எடுத்துவிடாமல் தொழிலிலேயே சுழல விடுவோம். ஆறு மாதக் கணக்கு நட்டம் காட்டினால், தோற்றதாகக் கருதாமல், கற்றதைக் கொண்டு அடுத்த வழியை எண்ணுவோம்.

பெற்றோர் பால்வாளி சுமந்து பிள்ளைகளைப் படிக்க வைத்தது, அப்பிள்ளைகள் தம்மினும் மேம்பட்ட வாழ்வு காண வேண்டும் என்பதற்காகவே. அம்மேம்பாடு எவ்வழியில் வரும் என்பதில்தான் இன்று கருத்து வேறுபாடு. வழியைச் சோதிக்கும் உரிமையைப் பிள்ளைகளுக்கு வழங்குவோம். சோதனையின் கணக்கைக் காணும் உரிமையைப் பெற்றோருக்கு வழங்குவோம். இரண்டும் சேர்ந்த வீட்டில் மோசடிக்காரனுக்கு இடமிராது, முயற்சிக்கு இடமிருக்கும்.

சிந்திக்கவும் கலந்துரையாடவும்

1. உங்கள் வீட்டில் இணையத்தின் வாயிலாக விற்கத்தக்க திறன் அல்லது பொருள் எது? அதனை நன்கு அறிந்தவர் யார்?
2. மேலே காட்டிய முறுக்குக் கணக்கில், விலையை 10 ரிங்கிட்டிலிருந்து 12 ரிங்கிட்டாக உயர்த்தினால் முதல் மாதத்தில் எவ்வளவு நிற்கும்? சந்தைக் கட்டணமும் உயரும், திரும்பிய பொட்டலத்தின் இழப்பும் உயரும் என்பதை மறவாதீர்.
3. மாதம் 10 விழுக்காடு வருமானம் தருவதாக ஒருவர் கூறினால், ஓராண்டில் 1,000 ரிங்கிட் எவ்வளவாகப் பெருக வேண்டும்? அது நடைபெறக் கூடியதா?
4. உங்கள் குடும்ப உடன்பாட்டில் முதலீட்டு வரம்பு எவ்வளவாக இருக்க வேண்டும்? அத்தொகை முழுவதும் இழக்கப்பட்டாலும் வீட்டு அடுப்பு எரியுமா?